நாலில் தொடங்கும் பதில்

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டித்துக்கொள்ள, வட இந்திய மின்தொகுப்பு முழுவதும் சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதைவிடப் பெரிய சரிவு. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று தொகுப்புகளும் நின்றுபோயின. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பில் மின்சாரம் இல்லை. டெல்லி மெட்ரோ ரயில்கள் நடுவழியில் நிற்க, பயணிகளை இறக்கி நடத்திக் கூட்டிவந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் இரண்டு நாளைக் கழித்த டெல்லிக்காரர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

டெல்லி அலுவலகங்களுக்கு அந்த நேரத்தில் வந்துசேர வேண்டியிருந்த மின்னஞ்சல்கள் என்ன ஆயின? பெரிய டேட்டா சென்டர்களில் டீசல் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் அலுவலகத்தின் பின்னறையில் ஒற்றைக் கணினியை மெயில் சர்வராக வைத்திருக்கும் சின்ன நிறுவனங்களும் உண்டு. அங்கே யுபிஎஸ் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. அதன்பின் சர்வர் அணைந்துவிடும். அந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து ஒருவர் அங்கே மடல் அனுப்பினால், சென்னைச் சர்வர் இணைப்புக் கேட்கும், பதில் வராது. மடலைத் தன் வட்டில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்கும். அப்போதும் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்கும். இப்படியே நான்கைந்து நாள்வரை முயலும். டெல்லியில் மின்சாரம் திரும்பி சர்வர் எழுந்ததும் மடல் வந்து சேர்ந்துவிடும். அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் இத்தனை நடந்தது தெரியவே தெரியாது.

இந்தப் பொறுமை தற்செயலாக வந்ததல்ல. எழுதிவைத்த விதி அது. அந்த விதியின் மேல்தான் 2003-இல் கிரேலிஸ்டிங் என்ற ஸ்பேம் தடுப்பு முறை பிறந்தது. சாம்பல் பட்டியல் என்று தமிழில் சொல்லலாம். கறுப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அனுமதி கிடையாது, வெள்ளைப் பட்டியலில் இருப்பவருக்குத் தடை கிடையாது. இரண்டிலும் இல்லாத புதியவரைச் சற்றுக் காக்கவைத்துப் பார்ப்பது சாம்பல் பட்டியல். அது பிறந்த கதையைச் சொல்ல 1982-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டல், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்தபடி, ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தை வெளியிட்டார். ஒரு கணினி இன்னொரு கணினிக்கு மடல் கொடுப்பதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை அதில்தான் இருக்கிறது. மடலைக் கொண்டுவரும் சர்வர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லும். பெறும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணால் பதில் சொல்லும். எண்முறை போஸ்டலுக்குப் புதிதல்ல. கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபிக்காக 1974-இலேயே அவரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த மூன்று இலக்க ஒழுங்கை வகுத்திருந்தார்கள். முதல் இலக்கம்தான் தலைவிதி. 2 என்றால் முடிந்தது. 3 என்றால் மேலே சொல். 5 என்றால் இது நடக்காது, திரும்பக் கேட்காதே. இடையில் இருக்கிறது 4: இப்போது முடியவில்லை, பிறகு கேள்.

4-க்கும் 5-க்கும் கோடு எங்கே கிழிப்பது என்பதற்குப் போஸ்டல் கொடுத்த அளவுகோல் அழகானது. அனுப்புபவரும் பெறுபவரும் எதையுமே மாற்றிக்கொள்ளாமல், அதே கட்டளையை அப்படியே மறுபடி சொன்னால் நடந்துவிடக்கூடும் என்றால் அது 4. பெட்டி தற்போது பூட்டியிருக்கிறது என்றால் 450. உள்ளே ஏதோ கோளாறு என்றால் 451. வட்டில் இடமில்லை என்றால் 452. சேவையையே மூடிக்கொண்டிருக்கிறேன் என்றால் 421. இவற்றில் எதிலும் அனுப்பியவர் மேல் குற்றமில்லை, காலம்தான் தடை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. தற்காலிகம் என்றால் எவ்வளவு நேரம்? போஸ்டல் அதற்கு எண் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணினிகள் தற்காலிகம் என்பதை ஒரே மாதிரி புரிந்துகொள்வது கடினம், ஒவ்வொரு பதிலின் கால அளவும் வேறுபடலாம், ஆனாலும் அனுப்புபவர் மறுபடி முயல்வது நல்லது என்ற பொருளில் எழுதி விட்டுவிட்டார். பெறும் சர்வர் காரணத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வட்டில் உண்மையிலேயே இடமில்லையா என்று வெளியிலிருந்து யார் பார்க்க முடியும்? கேட்பவர் நம்பித் திரும்பிப் போகிறார், பிறகு வருகிறார். அவ்வளவுதான் ஒப்பந்தம். இருபத்தோரு ஆண்டு கழித்து ஒருவர் இந்த இடைவெளிக்குள் கையை விட்டுத்தான் புதிதாக ஒன்றை எடுத்தார்.

கால அளவு 1989-இல் எழுத்தில் வந்தது. அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்எஃப்சி 1123, மறுமுயற்சிக்கு இடையே குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், கைவிடுவதற்கு முன் குறைந்தது 4 முதல் 5 நாள் முயல வேண்டும் என்றது. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அனுபவத்திலிருந்து ஒரு யோசனையும் சொன்னது. 2008-இல் ஜான் கிளென்சின் எழுதிய ஆர்எஃப்சி 5321 வரை இந்த எண்கள் அப்படியே தொடர்கின்றன.

இந்தியாவின் முதல் மடல்களும் இந்தப் பொறுமையில் வளர்ந்தவைதான். டெல்லியில் இருந்த மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-இல் எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை என ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், எஸ். ரமணி தலைமையில் பம்பாயில் இயங்கிய என்சிஎஸ்டி என்ற மென்பொருள் ஆய்வு நிறுவனம், டெல்லியில் மின்னணுத் துறை என எட்டு இடங்கள். தொடக்கத்தில் யுயுசிபி என்ற முறைதான். ஒரு கணினி தொலைபேசியில் இன்னொன்றை அழைக்கும். லைன் கிடைத்தால் சேர்ந்திருக்கும் மடல்களை மொத்தமாகக் கொடுத்து வாங்கும். கிடைக்காவிட்டால் மடல்கள் காத்திருக்கும். அந்தக் காலத்து எஸ்டிடி லைனில் மோடம் பேச்சு பாதியில் அறுந்துபோவது யாருக்கும் வியப்பில்லை. வரிசையில் வைத்திருந்து மறுபடி முயல்வதை விட்டால் அங்கே மின்னஞ்சலே கிடையாது. ஆர்எஃப்சி 1123 வெளிவந்த அதே 1989-இல்தான் ‘.இன்’ என்ற நம் நாட்டின் இணையப் பெயர்ப்பகுதியும் பதிவானது. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது டெல்லி வீடுகளுக்கும் மின்னஞ்சல் வந்தது. ரமணியின் பெயர் 2014-இல் இணையப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

விதி ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு மெயில் மென்பொருளும் அதைத் தன் சுபாவப்படி நடத்துகிறது. கிரேலிஸ்டிங் புரிய வேண்டுமானால் இந்தச் சுபாவம் தெரிந்திருக்க வேண்டும்.

பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், வரிசையை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை நிர்வாகியிடமே விட்டுவிடும். அரை மணி, ஒரு மணி என்று வைப்பது வழக்கம். நான்கு மணி நேரமாகியும் மடல் போகவில்லை என்றால் அனுப்பியவருக்கு ஓர் எச்சரிக்கை மடல் போடும், ஐந்து நாளில் திருப்பிவிடும். எச்சரிக்கை மடலைக் கண்டதும் போகவில்லை என்று நினைத்து அதே மடலை மூன்று முறை அனுப்புகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அது வெறும் தகவல். முயற்சி தொடர்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

டேனியல் பெர்ன்ஸ்டைனின் கியூமெயில் கணக்குப் பார்த்து நடக்கும். முதல் முயற்சி தோற்றால் 400 விநாடியில் மறுபடி வரும். அடுத்தது தொடக்கத்திலிருந்து 1,600 விநாடியில், அடுத்தது 3,600-இல், அதற்கடுத்தது 6,400-இல். 20, 40, 60, 80 ஆகியவற்றின் வர்க்கங்கள் இவை. இடைவெளி மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். ஏழு நாள் விடாது. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் 1995-இல் எழுதத் தொடங்கிய எக்ஸிம் முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். பிறகு ஒரு மணி நேர இடைவெளியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்காக நீட்டும். 16 மணி நேரத்துக்குப் பின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்காம் நாள்வரை. வீட்சே வெனிமா ஐபிஎம்மில் எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 300 விநாடிக்குக் குறையாமல் காத்திருந்து, 4,000 விநாடிவரை இடைவெளியை வளர்த்து, ஐந்தாம் நாள் கைவிடும். இவையெல்லாம் யாரும் மாற்றாதபோது இருக்கும் அளவுகள்.

இனி ஸ்பேம். 1978-இல் ஆர்பாநெட்டில் கேரி துர்க் என்ற விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதிலிருந்து இந்த நோய் இருக்கிறது. ஆனால் 2003-இல் அதன் உருவம் மாறிவிட்டிருந்தது. சோபிக் போன்ற வைரஸ்கள் வீட்டுக் கணினிகளைப் பிடித்து, உரிமையாளருக்கே தெரியாமல் ஸ்பேம் அனுப்பும் கருவிகளாக்கின. முந்தைய ஆண்டு பால் கிரகாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மடலில் உள்ள சொற்களின் நிகழ்தகவைப் பார்த்து வடிகட்டும் முறை பரவியிருந்தது. அது நல்ல முறைதான். ஆனால் முழு மடலையும் உள்ளே வாங்கிப் படித்த பிறகுதான் அது வேலை செய்யும்.

இவான் ஹாரிஸ் 2003-இல் வெளியிட்ட கட்டுரை வேறு கேள்வி கேட்டது. மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கொண்டுவருபவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தால் என்ன? ஸ்பேம் அனுப்பும் மென்பொருள் முறையான மெயில் சர்வர் அல்ல. லட்சக்கணக்கான முகவரிகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு சுடுவதுதான் அதன் வேலை. பட்டியலில் பாதி செத்த முகவரி. ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வந்தது, எப்போது மறுபடி போக வேண்டும் என்று குறித்துவைக்க வட்டும் நினைவகமும் நேரமும் வேண்டும். பிடிபட்ட வீட்டுக் கணினியை அதன் உரிமையாளர் எப்போது அணைப்பார் என்பதும் தெரியாது. அதனால் அது திரும்பி வருவதில்லை. முறையான சர்வரோ, மேலே பார்த்தோமே, துரத்தினாலும் வரும்.

டெல்லி அரசு அலுவலக வாசலில் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லி அனுப்பும் குமாஸ்தாவை எல்லோரும் திட்டியிருப்போம். ஆனால் உண்மையான காரியம் உள்ளவர் மறுநாளும் வந்து நிற்பார். கூட்டத்தில் ஜேப்படி செய்ய வந்தவன் வரமாட்டான். ஹாரிஸின் யோசனை அதுதான். முன்பின் தெரியாத எல்லோருக்கும் முதல் தடவை 451 சொல்வது. திரும்பி வருபவரை உள்ளே விடுவது.

தெரிந்தவர், தெரியாதவர் என்று எப்படி முடிவுசெய்வது? மூன்றே விவரம்: இணைப்புக் கேட்கும் கணினியின் ஐபி எண், அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி. இந்த மூன்றும் சேர்ந்த முக்கோணம் முன்பு வந்திருக்கிறதா என்று சர்வர் தன் பதிவேட்டில் பார்க்கும். இல்லையென்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு தற்காலிக மறுப்பு. நிகழ்வை அருகில் வைத்துப் பார்ப்போம். வருபவர் ‘ஹெலோ, நான் இன்ன சர்வர்’ என்கிறார், பதில் 250. ‘மெயில் ஃப்ரம், இன்ன முகவரி’, 250. ‘ஆர்சிபிடி டு, டெல்லியில் இன்னார்’. இந்த இடத்தில் 451 4.7.1, பிறகு முயலவும். வருபவர் ‘க்விட்’ என்கிறார். 221 என்று வழியனுப்புகிறது. மடலின் ஓர் எழுத்துகூட இன்னும் கம்பியைத் தாண்டவில்லை. அனுப்பும் பக்கத்து லாகில் அந்த மடலுக்கு நேரே ‘டெஃபர்டு’ என்று ஒரு வரி விழும். சில நிமிடம் கழித்து அதே மூன்று விவரத்தோடு வந்தால், ‘ஆர்சிபிடி டு’ வரிக்கும் 250 கிடைக்கும். பிறகு ‘டேட்டா’ என்று சொல்லி மடலைக் கொடுக்கலாம்.

ஹாரிஸ் வைத்த அளவுகள் மூன்று. புதிய முக்கோணத்துக்கு ஒரு மணி நேரம் தடை. நான்கு மணி நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால் பதிவு அழியும். ஒருமுறை தேறிவிட்டால் 36 நாளுக்குத் தடையில்லை. ஒவ்வொரு மடலுக்கும் அந்த 36 நாள் புதுப்பிக்கப்படும். அதென்ன 36? மாதத்தின் முதல் திங்கள் என்று வைத்து வெளிவரும் மாத மடல்களுக்கு நடுவே 35 நாள்வரை இடைவெளி விழும். அந்த மடலும் ஒவ்வொரு மாதமும் தாமதமாகக் கூடாது என்பதற்காக ஒரு நாள் கூட்டிவைத்தார். சின்ன எண்தான். தன் கருவியால் பாதிக்கப்படக்கூடிய நல்லவரை யோசித்து வைத்த எண் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை.

ஒரு மணி நேரத் தடைக்கு ஹாரிஸ் இரண்டாவது நியாயமும் வைத்திருந்தார். ஸ்பேம் அனுப்புபவன் ஒருவேளை திரும்பி வந்தாலும், அதற்குள் அவன் ஐபி எண் எங்காவது கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கும். காத்திருப்பு பெறுபவருக்கு அவகாசம் கொடுக்கிறது. தன் சோதனையில் 95 சதவீதத்துக்கு மேல் ஸ்பேம் நின்றதாக அவர் எழுதினார். சென்ட்மெயிலோடு சேர்ந்து வேலை செய்யும் ரிலேடிலே என்ற பெர்ல் நிரலையும் கூடவே கொடுத்தார். அடுத்த ஆண்டு சூரிச்சிலிருந்து டேவிட் ஷ்வைகர்ட்டின் போஸ்ட்கிரே வந்தது. அதில் தடை 300 விநாடிதான். 2004 மே மாதம் வெளிவந்த ஓபன்பிஎஸ்டி 3.5-இல் பாப் பெக் அந்த அமைப்பின் ஸ்பேம்டி நிரலுக்குள் இதைச் சேர்த்தார். காத்திருப்பை மற்றவர்கள் குறைத்துக்கொண்டாலும் 36 நாள் என்பது 864 மணி நேரமாக ஸ்பேம்டிக்குள்ளும் போய் உட்கார்ந்தது.

டெல்லி போன்ற ஊரில் இதன் மதிப்பை இன்னொரு கணக்கிலும் பார்க்க வேண்டும். 64 கிலோபிட் குத்தகை இணைப்பை ஓர் அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொண்ட காலம் உண்டு. அது விநாடிக்கு 8 கிலோபைட். 40 கிலோபைட் ஸ்பேம் மடல் ஒன்று அந்தக் குழாயை ஐந்து விநாடி அடைத்துக்கொள்ளும். உள்ளே வந்தபின் வடிகட்டினால் அந்த ஐந்து விநாடி போனது போனதுதான். முகவரி வரியிலேயே 451 சொல்லித் திருப்பினால் செலவு சில நூறு பைட். ஸ்பேம் ஏழை இணைப்புகளைத்தான் அதிகம் வதைக்கிறது என்பதைச் சுரேஷ் ராமசுப்பிரமணியன் 2005-இல் ஓஇசிடி அமைப்புக்காக வளரும் நாடுகளின் ஸ்பேம் பிரச்சினை பற்றி எழுதிய அறிக்கையில் எடுத்துவைத்தார். அலைக்கற்றை மலிந்துவிட்ட இன்றைக்கு இந்தக் கணக்கு பழையதாகத் தெரியலாம். அன்று அது மாதாந்திர பில்.

கதைக்கு மறுபக்கம் உண்டு. அதுவும் நம் பக்கம்தான். 2012-இன் முதல் மூன்று மாதங்களுக்கான சோஃபோஸ் நிறுவனக் கணக்கில், உலகில் ஸ்பேம் கடத்தும் கணினிகள் அதிகமுள்ள நாடாக இந்தியா முதலிடத்தில் நின்றது: 9.3 சதவீதம். அமெரிக்காவையே தாண்டியிருந்தோம். அந்த ஸ்பேமை எழுதியவர்கள் நம்மவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. புதிதாக பிராட்பேண்ட் வந்த வீடுகளில் திருட்டு விண்டோஸும் புதுப்பிக்காத ஆண்டிவைரஸுமாக ஓடிய கணினிகளை வேறெங்கோ இருந்தவர்கள் ஓட்டினார்கள். டெல்லி வீட்டுக் கணினி ஒன்று தானறியாமல் அனுப்பிய மடலை ஐரோப்பாவில் ஒரு சர்வர் 451 சொல்லித் திருப்பியிருக்கும். அது திரும்பிப் போயிருக்காது. அதே ஆண்டு ஜூனில், மின்தொகுப்பு விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, மர்ரி குச்செராவியும் டேவ் கிராக்கரும் எழுதிய ஆர்எஃப்சி 6647 வந்தது. ஒன்பது ஆண்டு புழக்கத்தில் இருந்த கிரேலிஸ்டிங்குக்கு முறையான ஆவணம் அதுதான். திரும்பி வருபவரை ஒரு நிமிடத்திலிருந்து 24 மணி நேரம்வரையான எல்லைக்குள் ஏற்கலாம், தேறியவரைக் குறைந்தது ஒரு வாரமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது.

இந்த முறையை நான் மதிக்கிறேன். அதனாலேயே அது செய்யும் கெடுதலையும் சொல்லியாக வேண்டும்.

தாமதம் முதல் கெடுதல். கியூமெயில் கணக்கை ஒரு மணி நேரத் தடையோடு பொருத்திப் பாருங்கள். மூன்றாவது மறுமுயற்சி 3,600-ஆவது விநாடியில் வருகிறது. பெறுபவரின் கடிகாரம் முதல் முயற்சி வந்து சேர்ந்தபோதுதான் ஓடத் தொடங்கியிருக்கும், ஒன்றிரண்டு விநாடி பின்தங்கி. மயிரிழையில் தவறினால் அடுத்த வாய்ப்பு 6,400-ஆவது விநாடியில். ஒரு மணி நேரத் தடை ஒன்றே முக்கால் மணி நேரமாகிவிடுகிறது. எத்தனை நேரம் தடுப்பது என்பது பெறுபவர் கையில். எப்போது திரும்புவது என்பது அனுப்புபவர் கையில். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. 1982-இல் போஸ்டல் சொன்ன கஷ்டம் அப்படியே இருக்கிறது. மாத மடலுக்கு இது பரவாயில்லை. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி எண்ணுக்கு இது மரண அடி.

பெரிய நிறுவனங்களின் பரப்பு இரண்டாவது. ஜிமெயில் போன்ற சேவைகளில் மடல் ஒரே கணினியிலிருந்து புறப்படுவதில்லை. முதல் முயற்சி ஓர் ஐபியிலிருந்து, மறுமுயற்சி இன்னொன்றிலிருந்து. பெறுபவர் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு புதியவர்கள். நல்லவர் ஒருவரே திரும்பத் திரும்ப வந்தும் திரும்பத் திரும்ப 451 வாங்குவார். ஐபியின் கடைசிப் பகுதியைத் தள்ளிவிட்டு முதல் மூன்று பகுதியை மட்டும் ஒப்பிடுவது ஒரு தீர்வு. பெரிய சேவைகளை முன்கூட்டியே வெள்ளைப் பட்டியலில் வைப்பது இன்னொன்று. ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புநர் முகவரியைப் புதிதாக ஆக்கும் குழுமடல்களும் உண்டு. அவற்றுக்கு முக்கோணம் எப்போதும் புதியது.

மூன்றாவதுதான் என்னைக் கோபப்படுத்துவது. விதி தெரியாத அனுப்புநர்கள். 4-ஐயும் 5-ஐயும் வேறுபடுத்திப் பார்க்காமல், 250 வராவிட்டால் தோல்வி என்று எழுதப்பட்ட நிரல்கள். ஹாரிஸ் காலத்திலேயே இப்படிப்பட்ட சர்வர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்க வேண்டியிருந்தது. பயணச்சீட்டு மடலை ஒரே ஒருமுறை முயன்றுவிட்டு விட்டுவிடும் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றும் அதில் இருந்தது. இன்று இந்தத் தவறு வலைத்தளப் படிவங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. டெல்லியில் படிக்க வந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு விடுதி விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவியபோது, தளம் அவளுடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரி தவறு என்று சொல்லி நிராகரித்தது. முகவரி சரியாகத்தான் இருந்தது. கல்லூரிச் சர்வர் ‘பிறகு வா’ என்று சொல்லியிருந்தது. படிவத்தை எழுதியவர் அதை ‘ஆளில்லை’ என்று படித்திருந்தார். வேறு முகவரி கொடுத்து வேலையை முடித்தோம். எல்லோருக்கும் வேறு முகவரி இருக்காது. ஏன் நிராகரித்தார்கள் என்றும் தெரியாது.

ஸ்பேம் அனுப்புபவர்களும் சும்மா இருக்கவில்லை. திரும்பி வரக் கற்றுக்கொண்ட மென்பொருள்கள் வந்தன. திருடிய கடவுச்சொல்லோடு முறையான சர்வர் வழியாகவே அனுப்புபவர்களும் பெருகினார்கள். அவர்கள் சார்பில் அந்தச் சர்வரே பொறுமையாகத் திரும்பி வரும். ஆகவே 2003-இல் கிடைத்த பலன் இன்று கிடைக்காது. எஸ்பிஎஃப் பதிவும் டிகேஐஎம் கையொப்பமும்தான் இன்று அனுப்புபவர் அடையாளத்தின் முதல் சான்று. ஆனாலும் காக்கவைக்கும் யோசனை அழியவில்லை. ஜிமெயிலும் யாஹூவும் தெரியாத சர்வரிடமிருந்து திடீரென நிறைய மடல் வந்தால், 421 போன்ற தற்காலிக மறுப்பால்தான் வேகத்தை இறக்குகின்றன. கிரேலிஸ்டிங் என்ற பெயர் இல்லாமல் அதே குணம். புதிதாக மெயில் சர்வர் போடும் யாரும் முதல் வாரத்திலேயே இதைத் தங்கள் லாகில் பார்ப்பார்கள்.

சின்ன சர்வர் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு இது: கிரேலிஸ்டிங்கை எல்லோர் மேலும் போடாதீர்கள். பெயர்பெற்ற சேவைகளையும் கையொப்பம் சரியாக உள்ளவர்களையும் விட்டுவிட்டு, ஐபி எண்ணுக்குப் பெயர் சொல்லும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவுகூட இல்லாமல் வருபவர்களுக்கு மட்டும் வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் வேண்டாம்.

மின்னஞ்சல் அனுப்பும் நிரல் எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலே நேராக வெளிச் சர்வரோடு பேச வேண்டாம். பக்கத்தில் ஒரு போஸ்ட்ஃபிக்ஸையோ எக்ஸிமையோ வைத்து அதனிடம் கொடுத்துவிடுங்கள். வரிசையும் மறுமுயற்சியும் அதற்கு அத்துப்படி. நீங்களேதான் பேசியாக வேண்டுமென்றால், வந்த எண்ணின் முதல் இலக்கத்தை மட்டுமாவது பாருங்கள். 5 என்றால் முகவரி கொடுத்தவரிடம் சொல்லுங்கள். 4 என்றால் மடலை வைத்துக்கொண்டு, சில நிமிடம் கழித்து, அதே முகவரியிலிருந்து அதே முகவரிக்கு, முடிந்தால் அதே ஐபியிலிருந்து மறுபடி போங்கள்.